எட்டு வரை ஆல் பாஸ், ஒன்பதில் முதல் ஃபெயில்: இடையில் பள்ளி செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளையின் ரேங்க் கார்டில் எட்டாம் வகுப்பு முடியும் வரை 'ஃபெயில்' என்று யாரும் எழுதப்போவதில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில்தான் 35 என்ற கோடு முதல்முறையாகக் குறுக்கே வந்து நிற்கிறது. பிள்ளைக்கு அப்போது 14 வயது. தோற்றும் பழக்கமில்லை, தோற்றபின் எழுந்தும் பழக்கமில்லை. நீச்சல் தெரியாத பிள்ளையை நேரே கிணற்றின் ஆழத்தில் இறக்குவதுபோல்தான் இது.

தோல்வியே தெரியாமல் பொத்திப் பொத்தி வளர்ப்பதா, சின்ன வயதிலேயே போட்டிக்குத் தயார்படுத்துவதா என்று ஆசிரியர்களும் பெற்றோரும் வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் நிலை இதுதான். ஒரு வருடத்தையே பறிக்கும் பெரிய தோல்வி சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். ஒரு வாரத்தில் சரிசெய்துவிடக்கூடிய சிறு தோல்வி வாரந்தோறும் வேண்டும். அதை 6, 7, 8-ஆம் வகுப்புகளில் நடத்தும் முறையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணம்

ஆல் பாஸ் என்றால் பரீட்சையே முக்கியமில்லை என்று பல பள்ளிகள் எடுத்துக்கொண்டன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 29-ஆம் பிரிவு தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்றது. முன்னதைப் பிடித்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டோம். 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு 5, 8-ஆம் வகுப்புகளில் நிறுத்திவைக்க அரசுகளுக்கு அனுமதி கிடைத்தது. அந்த இரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்த தமிழ்நாடு அரசு 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த விதியில்கூட, தவறிய பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டு. அந்த விதியில் நமக்குப் பிடித்தது அந்த மறுதேர்வு மட்டும்தான். பத்து வயதுப் பிள்ளையைத் தம்பி தங்கை வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் படிப்பு வந்துவிடாது, பள்ளிக்கூடமே வேண்டாம் என்ற எண்ணம்தான் வரும்.

பருவத் தொடக்கம்: எங்கே நிற்கிறான் என்று பாருங்கள்

ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அறுபது சொற்கள் போதும். பிறகு ஒரு கழித்தல் (கடன் வாங்கும் கணக்கு), மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் ஒரு கணக்கு. ஆளுக்கு ஐந்து நிமிடம். நாற்பது பேர் உள்ள வகுப்பை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். மற்ற பிள்ளைகள் காதில் விழாதபடி வராந்தாவிலோ மேசை அருகிலோ கூப்பிட்டுக் கேளுங்கள். எழுத்துக் கூட்டித் திணறும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு அறிவியலில் டெஸ்ட் வைப்பதில் பயனில்லை. அவன் தோற்பது வாசிப்பில். அறிவியல் டெஸ்ட் அதைக் காட்டிக்கொடுக்காது. அவனுக்கு வாசிப்பில்தான் வார டெஸ்ட்.

வார டெஸ்ட்

பத்து மார்க், பதினைந்து நிமிடம். ஏழு கேள்வி அந்த வாரப் பாடத்தில், இரண்டு போன மாதப் பாடத்தில், ஒன்று புத்தகத்தில் நேராக இல்லாத, யோசித்து எழுத வேண்டிய கேள்வி. பெரும்பாலான பிள்ளைகள் ஆறிலிருந்து எட்டுக்குள் எடுத்தால் வினாத்தாள் சரியாக அமைந்திருக்கிறது. எல்லோரும் பத்து எடுத்தால் யாரும் எதிலும் தடுக்கி விழவில்லை, அந்தக் கால் மணி நேரம் வீண். பாதி வகுப்பு நான்குக்குக் கீழே போனால் பாடம் போய்ச் சேரவில்லை என்று பொருள். அந்த மார்க்கைப் பதிவு செய்யாதீர்கள். மறுபடி நடத்துங்கள்.

மறுநாளே திருத்திக் கொடுக்க வேண்டும். பத்து நாள் கழித்து வரும் பேப்பரில் பிள்ளை மார்க்கை மட்டும்தான் பார்க்கும். தன் தவறை எந்த யோசனையில் செய்தோம் என்பது அதற்குள் மறந்திருக்கும்.

தவறைப் படிப்பது

இந்த வேலையில் சாரமே இதுதான் என்பதால் ஒரு கணக்கை நெருங்கிப் பார்ப்போம். 402 − 167. பிள்ளை 365 என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் 'கவனம் தேவை'. இப்படித்தான் வழக்கமாகத் திருத்துகிறோம். ஆனால் அவள் கவனமாகத்தான் செய்திருக்கிறாள். ஒன்றின் இடத்தில் 2, 7. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 5. பத்தின் இடத்தில் 0, 6, அதேபோல 6. நூறின் இடத்தில் 4, 1, விடை 3. எந்த இலக்கம் மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று அவளாக ஒரு விதி செய்துகொண்டு, அதை ஓரிடத்திலும் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள். 'கவனம் தேவை' என்றால் அடுத்த முறை இதே தவறை இன்னும் கவனமாகச் செய்வாள்.

நான்கு நூறு ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கையில் கொடுத்து (காகிதத்தில் எழுதி வெட்டியது போதும்), 167 ரூபாய் தரச் சொல்லுங்கள். ஏழு நாணயம் அவளிடம் இல்லை. பத்து ரூபாய்த் தாளும் இல்லை. ஒரு நூறை மாற்றிப் பத்துப் பத்து ரூபாய்த் தாள், அதில் ஒன்றை மாற்றிப் பத்து நாணயம். இப்போது கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு நாணயம். 167 போக மிச்சம் 235. பத்து நிமிட வேலை இது. 365 எப்படி வந்தது என்று அவளே சொல்லிவிடுவாள்.

எல்லாத் தவறுக்கும் இவ்வளவு நேரம் கிடைக்காது. அதனால் பேப்பரின் ஓரத்தில் ஓரெழுத்துக் குறி போடுங்கள்: பு என்றால் புரியவில்லை, ம என்றால் மறந்துவிட்டது, க என்றால் தெரிந்தும் கை தவறியது, நே என்றால் நேரம் போதவில்லை. இரண்டு மாதத்தில் பிள்ளைகளே இந்தக் குறியைப் போடப் பழகிவிடுவார்கள். 'நான் மக்கு' என்ற ஒரே பதில் இருந்த இடத்தில் நான்கு பதில்கள் வந்துவிடுகின்றன. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

பேப்பர் கொடுக்கும் நாள்

பெயரையும் மார்க்கையும் சேர்த்து உரக்கப் படிக்காதீர்கள். மார்க் வரிசையில் அடுக்கிக் கொடுக்காதீர்கள். கடைசிப் பேப்பர் யாருடையது என்று வகுப்பே காத்திருக்கும். மடித்து, எண் உள்ள பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் வையுங்கள். ஐந்து நிமிடம் அவரவர் பேப்பரை அவரவர் பார்க்கட்டும். பிறகு அதிகம் பேர் செய்த மூன்று தவறுகளை, யார் செய்தது என்று சொல்லாமல், கரும்பலகையில் எழுதி விவாதியுங்கள்.

'நீ கெட்டிக்காரிடா கண்ணு' என்ற பாராட்டுகூடச் சிக்கலானது. அடுத்த வாரம் மார்க் குறைந்தால் கெட்டிக்காரி பட்டம் போய்விட்டதாக அவள் எடுத்துக்கொள்வாள். 'போன வாரம் ரெண்டாவது படியில விட்டுட்ட, இந்த வாரம் அதைப் பிடிச்சுட்ட' என்று சொன்னால் என்ன செய்து வென்றோம் என்பது மனதில் நிற்கும்.

இரண்டாவது வாய்ப்பு

ஏழு நாளுக்குள் மறுடெஸ்ட். அதே கருத்து, வேறு எண்கள், வேறு வாக்கியங்கள். அதே வினாத்தாளைக் கொடுத்தால் விடையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். மறுடெஸ்டில் எடுத்த மார்க்கையே, எதுவும் குறைக்காமல், பதிவு செய்யுங்கள். 'முதலில் படித்தவனுக்கு இது அநியாயம்' என்று சிலர் சொல்வார்கள். 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை யார் முதலில் கற்றார் என்பது முக்கியமில்லை, எல்லோரும் கற்றார்களா என்பதுதான் முக்கியம்.

இதில் வழக்கமாக ஒரு கோளாறு வரும். 'மறுபடி எழுதலாமே' என்று முதல் டெஸ்டுக்குப் படிக்காமல் வருவார்கள். அதற்கு ஒரு நுழைவுச்சீட்டு வையுங்கள். மூன்று வரி எழுதிக் கொடுத்தால்தான் மறுடெஸ்ட்: நான் எழுதியது என்ன, அது ஏன் தவறு, சரியானது என்ன. இரண்டாவது வரியை எழுதுவதற்குள் பாதிப் பாடம் படித்து முடிந்திருக்கும்.

போட்டி

சிறு தோல்விக்குப் பழகிய பிறகு போட்டியைக் கொண்டுவரலாம். விளையாட்டு விழாவிலும், 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவிலும், வினாடி வினாவிலும் அதே ஐந்தாறு பிள்ளைகள்தான் மேடை ஏறுகிறார்கள். மற்றவர்கள் போட்டியில் தோற்பதில்லை, போட்டிக்கே வருவதில்லை. அணிகளை ஆசிரியரே கலந்து பிரித்து, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். தலைவர்களை நிறுத்தி ஆள் எடுக்கச் சொன்னால் கடைசியாக எடுக்கப்படும் பிள்ளைக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பருவத்தில் மூன்று முறை நேரம் எடுத்துக் குறித்து, அவரவர் பழைய நேரத்தோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். எல்லோருக்கும் கோப்பை கொடுக்க வேண்டாம். யார் ஓடினார், யார் நடந்தார் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

எட்டாம் வகுப்பில் முதல் உண்மையான போட்டித் தேர்வாக என்.எம்.எம்.எஸ் உதவித்தொகைத் தேர்வை வையுங்கள். மனத்திறனில் 90 கேள்வி, படிப்பறிவில் 90 கேள்வி, பகுதிக்கு 90 நிமிடம். தவறான விடைக்கு மார்க் குறையாது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு ஆண்டுக்கு 6,695 இடம். எழுதுபவர்களோ லட்சக்கணக்கில். இந்த எண்ணிக்கையைப் பயிற்சி தொடங்கும் நாளிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கிடைக்காமல் போனால் இழப்பது எதுவுமில்லை, பயிற்சியில் கற்றது ஒன்பதாம் வகுப்பில் கைகொடுக்கும் என்பதையும் சொல்லுங்கள். பயிற்சியில் முதலில் பழக்க வேண்டியது, வராத கேள்வியை ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்வது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது கடினம். ஒரே கேள்வியில் எட்டு நிமிடம் நின்றுவிடுவார்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

டெஸ்ட் நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, பேப்பரைக் கிழித்து மறைப்பது, அப்பாவின் கையெழுத்தைத் தானே போடுவது: பயம் அளவு மீறிவிட்டது என்று பொருள். நான்கு வாரம் மார்க் போடுவதை விட்டுவிட்டுக் குறிகளை மட்டும் போடுங்கள். வீட்டில் பேசுங்கள். பெரும்பாலும் அடியோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடோ இருக்கும். 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்ற மாதிரிப் பேச்சு ஒருமுறை காதில் விழுந்தாலும் அதைச் சும்மா விடக் கூடாது. பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், அன்றே பெற்றோரை வரவழையுங்கள். 14416 (டெலி மானஸ்), 104 இரண்டிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். கல்வி தொடர்பான உதவிக்கு 14417.

ஒன்பதும் பத்தும்

2017 முதல் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியல் வெளியாவதில்லை. பள்ளி வாசலில் மட்டும் முதலிடப் பிள்ளைகளின் ஃபிளக்ஸ் இன்னும் தொங்குகிறது. அதை இறக்க அரசாணை வேண்டியதில்லை, தலைமையாசிரியர் முடிவெடுத்தால் போதும்.

பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளுக்கு முந்தைய வாரமே, தவறக்கூடும் என்று நினைக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, ஓர் ஆசிரியருக்கு ஐந்து பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முடிவு அவர்கள் போனுக்குக் குறுஞ்செய்தியாகவே போய்விடும், யாரும் பள்ளிக்கு வர மாட்டார்கள். அன்று காலையே நீங்கள் கூப்பிட வேண்டும். பேச வேண்டியது இவ்வளவுதான்: 'தம்பி, துணைத்தேர்வு சில வாரத்துல இருக்கு. அதுல பாஸ் ஆனா இந்த வருஷமே பதினொண்ணு சேரலாம். நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பள்ளிக்கு வா, விண்ணப்பம் போட்டுட்டு எந்தப் பாடத்துல எது விட்டுப்போச்சுன்னு உட்கார்ந்து பார்ப்போம்.' போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, இதையே அவரிடமும் சொல்லுங்கள்.