ஊவா தேயிலை வாசத்துல என்ன இருக்கு? சிஐ மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முதல் தடவ செய்றவங்களுக்கு

ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் இலங்கை ஊவா மாகாணத்துல பதுளை, ஹப்புத்தளை பக்கம் கச்சான் காத்து அடிக்கிற நாள்ல எடுத்த கொழுந்துல போட்ட தேத்தண்ணிய மூக்குகிட்ட கொண்டு போனா, உடம்பு வலிக்கு பூசுற தைலத்தோட வாசம் லேசா வரும். அந்த வாசத்துக்கு காரணம் மீதைல் சாலிசிலேட். நம்ம அம்மாமார் பறிச்ச கொழுந்துக்குள்ள என்ன இருக்குன்னு நம்ம புள்ளைங்களே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல, அதாவது மூலக்கூறோட எடைய அளக்குற மெஷின்ல வச்சு பேர் சொல்லணும்ங்கிறது என்னோட பெரிய ஆச, அதனால ஏஎல் கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்கு விளங்குற மாதிரி எழுதுறேன்.

முதல்ல ஈஐ, அதாவது எலக்ட்ரான் அயனைசேஷன் முறையில ஓட்டுங்க. சூடான தேயிலைக்கு மேல எழும்புற ஆவிய எஸ்பிஎம்ஈ ஃபைபர்ல (வாசப் பொருள உறிஞ்சிக்கிற மெல்லிய இழை) பிடிச்சு ஜிசிக்குள்ள (கலந்திருக்கிற ஆவிய பிரிக்கிற கேஸ் குரோமட்டோகிராஃப்) விட்டா ஒவ்வொண்ணா பிரிஞ்சு வரும். 70 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் நேரா மோதுறதால சில மூலக்கூறு நல்லாவே நொறுங்கிடும், பூ வாசம் தர்ற லினலூல எடுத்தீங்கன்னா 71, 93, 121ல துண்டுங்களோட பீக் (கிராஃப்ல எழும்புற கோடு) எல்லாம் தெரியும் ஆனா அதோட சொந்த எடையான 154 கிட்டத்தட்ட காணவே கெடைக்காது. இதுக்குத்தான் 1966ல மன்சன், ஃபீல்ட்ங்கிற ரெண்டு விஞ்ஞானிங்க சிஐ, அதாவது கெமிக்கல் அயனைசேஷன கொண்டு வந்தாங்க. இதுல எலக்ட்ரான் அடி வாங்குறது மீத்தேன் கேஸ், அதுல உண்டாகுற அயன் நம்ம மூலக்கூறுக்கு ஒரு புரோட்டான குடுக்கும், அப்போ பீக் எடைய விட 1 கூடின இடத்துல வரும்.

அடுத்து மீத்தேன திறந்து, சாம்பிள் போடாம எடை 10ல இருந்து ஸ்கேன் பண்ணுங்க. மீத்தேன்ல உண்டாகுற அயன்களான 17, 29, 41 மூணும் பலமா நிக்கணும். 19 பெருசா வந்தா லைனுக்குள்ள தண்ணி ஈரம் இருக்கு, கேஸ ஓட விட்டு 19 இறங்குற வரைக்கும் பொறுங்க, அவசரப்பட்டா நாள் முழுக்க எடுத்த டேட்டா வீணாப் போயிரும். வெளிய போற கேஸ் கட்டாயம் கட்டடத்துக்கு வெளியில போகணும், மீத்தேன் தீப்பிடிக்கிற சாமான். அது சரியானதும் 60ல இருந்து ஸ்கேன் வச்சு சாம்பிள் போடுங்க.

இப்ப பீக்க வாசிக்கிறது, இங்கதான் நெறைய பேர் தடுமாறுறாங்க. ஒத்த பீக்க பார்த்து எடை சொல்லாதீங்க. மீத்தேன்ல எடையோட 1, 29, 41 கூடின மூணு இடத்துலயும் தேடுங்க, 29, 41 கூடுறது அந்த மீத்தேன் அயன் அப்படியே ஒட்டிக்கிறதால. மீதைல் சாலிசிலேட்டுக்கு எடை 152, அதனால 153 பெருசா, 181, 193 சின்னதா வரும், மெத்தனால் கழண்டு போன 121ம் இருக்கும். 153ய கண்டதும் பேர் எழுதிடாதீங்க, வனிலினுக்கும் எடை 152தான், சூத்திரமும் அதேதான்! அதனால ஈஐக்கு திரும்பி போங்க, மீதைல் சாலிசிலேட்ல 120, 92 நிக்கும், வனிலின்ல 151, 152 ரெண்டும் உசரமா நிக்கும்.

லினலூல் இன்னும் ஏமாத்தும். அது ஒரு ஆல்கஹால், ஆல்கஹால் புரோட்டான் வாங்கின கையோட தண்ணிய விட்டுடும், அதனால 155 பலவீனமா, 137 பலமா வரும், 137ல 1 கழிச்சு 136னு எழுதினா லிமோனீன்னு நெனச்சு ஏமாந்து போவீங்க, லிமோனீனோட எடை உண்மையிலயே 136. சந்தேகம் வந்தா கேஸ மாத்துங்க. மீத்தேன் அயன் புரோட்டான வேகமா தள்ளி விடுறதால மிச்ச சக்தி மூலக்கூற உடைக்கும், ஐசோபியூட்டேன் அத விட மென்மை, அமோனியா இன்னும் மென்மை, அமோனியாவுல சில மூலக்கூறுல அம்மோனியமே ஒட்டிக்கிட்டு 18 கூடும், லினலூல்னா 172ல தேடிப் பாருங்க.

எடை ஒற்றை எண்ணா வந்தா நைட்ரஜனும் ஒற்றைப்படையில இருக்கு, தேயிலையில வர்ற இண்டோல் 117, அதோட சிஐ பீக் 118.

கடைசி வேல, விடவே கூடாத வேல. லினலூலும் ஜெரானியோலும் ரெண்டுமே 154, சிஐ எடை சொல்லுமே தவிர இந்த ரெண்டையும் பிரிச்சு காட்டாது. அதனால சுத்தமான லினலூல் ஸ்டாண்டர்ட (பேர் தெரிஞ்ச பொருள) அதே ஜிசி குழாய்ல, அதே சூட்டுல ஓட்டி, சாம்பிள்ல வந்த பீக்கும் ஸ்டாண்டர்டும் ஒரே நிமிஷத்துல வெளிய வருதான்னு பார்த்துட்டு மட்டும் நோட்டுல பேர எழுதுங்க.