அமெரிக்கத் தொடக்கப் பள்ளியில் முதல் இலையுதிர்காலம்: புதிய பெற்றோருக்கான செய்முறை விளக்கம்

ஆகஸ்டிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ பள்ளி திறந்த சில நாட்களுக்குள் குழந்தையின் பையிலும் உங்கள் மின்னஞ்சலிலும் படிவங்களும் கடிதங்களும் வந்து குவியத் தொடங்கும். ஊரிலிருந்து அண்மையில் வந்த பெற்றோர், இவற்றில் எதை உடனே செய்ய வேண்டும், எது வெறும் தகவல் என்று பிரித்தறிய முடியாமல் திணறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆகவே, நான் செய்து பழகிய வரிசையிலேயே எழுதுகிறேன். நடைமுறைகள், ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பான பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் என்பதால், உங்கள் பள்ளியின் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: அவசரத் தொடர்புப் படிவம்

மற்றவை ஒரு வாரம் பொறுக்கலாம், இது பொறுக்காது. குழந்தைக்கு உடல்நலம் குன்றினால் யாரை அழைப்பது, மாலையில் குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது என்ற இரண்டையும் பள்ளி இந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. குழந்தையே "தாத்தா" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாலும், பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் பொதுவாக அனுப்ப மாட்டார்கள். எங்கள் மகள் கிண்டர்கார்ட்டனில் சேர்ந்த ஆண்டு, நான் வேலையிடத்திலிருந்து வந்து சேரும்வரை என் மாமனார் பள்ளி அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு இப்பாலும் அவள் அப்பாலுமாக உட்கார்ந்திருந்தார்கள். பள்ளி செய்தது சரி. அவர் பெயரை நான்தான் எழுதாமல் விட்டிருந்தேன்.

பெயர்களை அடையாளச் சான்றில் உள்ளபடியே எழுதுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி தாத்தாவிடம் படத்துடன் இருக்கும் சான்று பெரும்பாலும் கடவுச்சீட்டுதான். அதில் அவர்களின் தந்தை பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயராக ஏறியிருக்கலாம். வீட்டில் வழங்கும் பெயரைப் படிவத்தில் எழுதினால் இரண்டும் பொருந்தாமல் போகும். பெற்றோரைத் தவிர, விரைவில் பள்ளிக்கு வந்து சேரக்கூடிய இருவர் பெயராவது பட்டியலில் இருக்கட்டும்.

செவிலியருக்கான படிவத்தையும் அன்றே நிரப்பி, ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் விளக்கமாக எழுதுங்கள். காய்ச்சல் மாத்திரையைக்கூடக் குழந்தையின் பையில் வைத்து அனுப்பாதீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் எந்த மருந்தையும் பெற்றோரின் கையொப்பத்துடனும், பல இடங்களில் மருத்துவரின் கையொப்பத்துடனும், பெரியவர் ஒருவரே கொண்டுவந்து செவிலியரிடம் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: தேதிகளை நாட்காட்டியில் ஏற்றுதல்

இங்கே மாதம் முன்னும் நாள் பின்னுமாக எழுதுவார்கள் என்பதை முதலில் மனத்தில் இருத்துங்கள். 10/11 என்றால் அக்டோபர் 11. நம் பழக்கத்தில் நவம்பர் 10 என்று படித்துவிட்டு ஆசிரியர் சந்திப்பைத் தவறவிட்டவர்கள் உண்டு.

விடுமுறைகளைக் குறிப்பது எளிது. செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம். நவம்பர் 11 படைவீரர் தினம், அன்று எல்லாப் பள்ளிகளுக்கும் விடுமுறை இராது. நவம்பர் நான்காம் வியாழன் தாங்க்ஸ்கிவிங், மறுநாள் வெள்ளியும் பெரும்பாலும் விடுமுறையே. தடுமாற வைப்பவை பாதி நாட்கள்தான். "எர்லி ரிலீஸ்" அல்லது "எர்லி டிஸ்மிஸல்" என்று குறித்திருந்தால் அன்று பள்ளி வழக்கத்தைவிட முன்னதாக, சில இடங்களில் நண்பகலுக்குள்ளாகவே, முடிந்துவிடும். இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், அன்று குழந்தையை யார் அழைத்து வருவது என்பதையும் தேதியின் கீழேயே எழுதிவையுங்கள்.

மூன்றாம் படி: மதிய உணவு விண்ணப்பம்

கலிபோர்னியா, மேய்ன், மினசோட்டா போன்ற சில மாநிலங்களில் குடும்ப வருமானம் எதுவானாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளி உணவு இலவசம். மற்ற இடங்களில் இலவச அல்லது சலுகை விலை உணவுக்குப் பெரும்பாலும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரும் விண்ணப்பிக்கலாம்; எண் இல்லை என்பதற்கான கட்டத்தில் குறியிட்டால் போதும். சைவ உணவு மட்டும் உண்ணும் குழந்தையானால், அதை ஆசிரியரிடமும் உணவுக்கூடத்திலும் தனித்தனியே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: வருகையும் ஊர்ப் பயணமும்

குழந்தை வராத நாளில் காலையிலேயே பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். தகவல் இல்லையென்றால் அது காரணமற்ற விடுப்பாகப் பதிவாகும். பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராமல் போவதை, காரணம் எதுவாயினும், நாள்பட்ட விடுப்பு என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். 180 நாட்கள் கொண்ட ஆண்டில் இது 18 நாட்கள், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டே நாட்கள். தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை இல்லாத ஊராக இருந்தால், சமயப் பண்டிகை என்று குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள். பல மாவட்டங்கள் அதை ஏற்கத்தக்க காரணமாகக் கொள்கின்றன.

நம் குடும்பங்கள் உண்மையில் சிக்கிக்கொள்வது டிசம்பர் பயணத்தில்தான். இரண்டு வார விடுமுறையுடன் முன்னும் பின்னும் சில வாரங்களைச் சேர்த்து விமானச்சீட்டு எடுத்துவிட்டுப் பிறகு பள்ளிக்குச் சொல்கிறோம். தொடர்ந்து குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் வராத குழந்தையின் பெயரைச் சில மாவட்டங்கள் பதிவிலிருந்தே நீக்கிவிடுகின்றன. திரும்பி வந்ததும் மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கும், விரும்பிய பள்ளியிலோ சிறப்புத் திட்டத்திலோ பழைய இடம் கிடைக்காமலும் போகலாம். ஆகவே சீட்டு எடுப்பதற்கு முன், செப்டம்பரிலேயே, எத்தனை நாள் வரை அனுமதி, எந்தப் படிவம், முன்கூட்டியே பாடங்கள் தருவார்களா என்ற மூன்றையும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போவதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். திரும்பி வந்ததும் குழந்தையின் இருக்கை அங்கேயே இருக்க வேண்டும் என்பதே என் அக்கறை.

ஐந்தாம் படி: குளிரும் காய்ச்சலும்

அக்டோபரில் காலை குளிராகவும் பிற்பகல் இளவெயிலாகவும் இருப்பதால், தடித்த ஒரே மேலாடையைவிட இரண்டு மெல்லிய அடுக்குகள் வசதியானவை. கழற்றியதைக் குழந்தை மறந்துவிட்டுத்தான் வரும். எனவே ஜாக்கெட், தொப்பி, உணவுப் பை அனைத்திலும் அழியாத மையால் பெயர் எழுதுங்கள்.

ஃப்ளூ தடுப்பூசியை அக்டோபர் இறுதிக்குள் போட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் போதிய எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். ஒன்பது வயது நிறையாத குழந்தை இதை முதன்முறையாகப் போட்டுக்கொள்கிறது என்றால், குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள் தேவைப்படும். காய்ச்சல் வந்தால், மருந்தின் உதவியில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சலற்று இருந்த பிறகே பள்ளிக்கு அனுப்புங்கள்.

ஆறாம் படி: கடிகார மாற்றம்

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஹவாயிலும், பெரும்பாலான அரிசோனாவிலும் இந்த வழக்கம் இல்லை. அதற்கு முந்தைய நான்கு இரவுகளில் பதினைந்து பதினைந்து நிமிடமாகத் தூங்கும் நேரத்தைத் தள்ளிப் போட்டால், குழந்தை விடியுமுன் எழுந்து உட்காராது. நியூயார்க்கிலிருந்து பேசுபவர்களுக்கு ஊருடனான வேறுபாடு ஒன்பதரை மணியிலிருந்து பத்தரை மணியாக மாறும் என்பதால், தாத்தா பாட்டியிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஏழாம் படி: பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு

அக்டோபர், நவம்பரில் நடக்கும் இச்சந்திப்பு பல பள்ளிகளில் பதினைந்து அல்லது இருபது நிமிடமே நீடிக்கும். இங்குள்ள தொடக்கப் பள்ளிகளில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற கணக்கு வழக்கத்தில் இல்லை. அறிக்கையிலும் மதிப்பெண்ணுக்குப் பதிலாக 1 முதல் 4 வரையிலான நிலைகளே பலவிடத்தும் இருக்கும். ஆகவே அந்தச் சில நிமிடங்களை, வாசிப்பில் எந்த இடத்தில் தயங்குகிறான், இடைவேளையில் யாருடன் விளையாடுகிறான், புரியாதபோது கை தூக்கிக் கேட்கிறானா என்ற கேள்விகளுக்குச் செலவிடுங்கள்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சந்திப்புக்கு ஓரிரு வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் (சிவில் ரைட்ஸ் ஆக்ட்) கீழ், கூட்டாட்சி அரசின் நிதி பெறும் பள்ளிகள் பெற்றோருக்குப் புரியும் மொழியில் கட்டணமின்றித் தகவல் தெரிவிக்கக் கடமைப்பட்டவை. பெரும்பாலும் தொலைபேசி வழியாக ஒருவரை இணைப்பார்கள். குழந்தையையே இடையில் அமர்த்தி மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே அம்மாவிடம் எடுத்துச் சொல்லும் நிலை எந்தக் குழந்தைக்கும் வர வேண்டாம்.