வாகனப் பட்டறையில் தீ அபாயத்தைக் கண்டறிந்து தடுப்பது எப்படி?

தீயணைப்பான் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று பட்டறை தொடங்கும் பலர் நினைக்கிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டியது. முதலில் ஒரு தாளுடன் பட்டறையைச் சுற்றி வாருங்கள்.

படி 1: பட்டியல்

தாளின் இடப்பக்கம் எரியக்கூடியவற்றை எழுதுங்கள்: பெட்ரோல், தின்னர், பெயிண்ட், பழைய ஆயில், காட்டன் வேஸ்ட், டயர், சீட் மெத்தை. வலப்பக்கம் நெருப்புக்கு வழி செய்பவை: வெல்டிங், கிரைண்டர், பேட்டரி சார்ஜர், தோல் உரிந்த ஒயர், டீ போடும் அடுப்பு, பீடி. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவற்றைக் கோடு போட்டு இணையுங்கள். எத்தனை கோடுகளோ, அத்தனை அபாயங்கள்.

படி 2: ஆவி எங்கே போகிறது?

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பெட்ரோலைவிட அதன் ஆவிதான் முதலில் பற்றுகிறது. காற்றில் ஏறக்குறைய 1.4 சதவீதம் கலந்தாலே போதும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் தரையோடு ஊர்ந்து, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழிக்குள் இறங்கித் தேங்கும். டேங்க் கழற்றிய இடத்துக்கும் கிரைண்டருக்கும் பத்தடி தூரம் இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள்.

கார்பரேட்டர் கழுவ அகன்ற தட்டில் பெட்ரோல் ஊற்றித் திறந்தே வைக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்; எரியாத கிளீனர் கடைகளில் கிடைக்கிறது. பெட்ரோல் வடிப்பதைக் குழியிலிருந்து தள்ளி, திறந்த வெளியில், மூடியுள்ள உலோகக் கேனில் செய்யுங்கள். எரிபொருள் குழாயைத் தொடும் முன்பே பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். எல்பிஜியும் இப்படித் தரையில் தங்கும். சிஎன்ஜி மட்டும் மேலே ஏறும், அதற்குக் கூரையில் காற்று வழி வேண்டும்.

படி 3: வெல்டிங்

காலி டேங்க்கில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே நிறைந்திருப்பது ஆவியும் காற்றும். அதுதான் வெடிக்கும் கலவை. அமெரிக்காவின் தீப் பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் 51பி தரம், வெல்டிங் நடக்கும் இடத்தைச் சுற்றிலும் 35 அடிக்குள் எரியும் பொருள் கூடாது என்கிறது. நம் தெருவோரப் பட்டறைகளில் அவ்வளவு இடம் ஏது? நகர்த்த முடியாததைத் தீ தாங்கும் போர்வையால் மூடுங்கள். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஒருவர் அங்கே கவனித்திருக்க வேண்டும். கதவின் உட்புறப் பஞ்சுக்குள் விழுந்த பொறி வெளியே தெரியாமலே கனன்றுகொண்டிருக்கலாம். கடை சாத்தும் நேரத்துக்கு வெல்டிங்கைத் தள்ளிப்போடாதீர்கள். கிரீஸ் படிந்த கையால் ஆக்சிஜன் வால்வைத் தொடவும் கூடாது.

படி 4: சில்லறை வேலைகள்

எண்ணெய்த் துணிகளை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டுத் தினமும் அகற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது லெட்-ஆசிட் பேட்டரி எரியக்கூடிய ஹைட்ரஜனை வெளிவிடும், ஜன்னலோரம் வையுங்கள்.

படி 5: தீயணைப்பான்

திடப்பொருள், திரவம், வாயு என மூவகைத் தீக்கும் ஏற்ற ஏபிசி பவுடர் வகையை வாசலருகே மாட்டுங்கள். மூலையில் மாட்டினால் தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டிவரும். அதன் அழுத்தமானி முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து, இடமும் வலமுமாக வீசிப் பழகுங்கள். உதவியாளர் பையன்களுக்கும் பழக்குங்கள். எரியும் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். ஒரு தீயணைப்பானுக்கு அடங்காவிட்டால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, வெளியே நின்று 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.