ஸ்பிரிங் டிரெய்னிங் பேஸ்பால்: முதல் தடவை போகிறவர்களுக்கு

அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கின் 30 அணிகளும் சீசனுக்கு முன், பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் கடைசி வரை, வெயில் ஊர்களில் பயிற்சி ஆட்டங்கள் ஆடுகின்றன. 15 அணிகள் ஃபுளோரிடாவில், 15 அணிகள் அரிசோனாவில். புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது அரிசோனாதான். ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றியே 10 மைதானங்கள் இருப்பதால் மதியம் ஒரு ஆட்டம், இரவு இன்னொன்று என்றுகூடப் பார்க்கலாம். 1947-ல் கிளீவ்லாந்து, ஜயன்ட்ஸ் அணிகள் அரிசோனாவுக்குப் பயிற்சிக்கு வந்ததிலிருந்து தொடங்கியது இந்தக் ‘காக்டஸ் லீக்’.

1. எந்த வாரம் போவது?

முதல் வாரத்தில் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், ஒன்பதில் ஒன்றிரண்டு இன்னிங்ஸ்தான் வீசுவார்கள். குளிர்காலம் முழுக்க ஓய்வில் இருந்த தோள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக வேண்டும். மார்ச் நடுவில் போனால் பெரிய ஆட்டக்காரர்கள் நாலைந்து இன்னிங்ஸ் நிற்பார்கள். முதல் தடவைக்கு அதுவே சரி.

2. டிக்கெட்

நிழல் வேண்டுமென்றால் மூன்றாம் பேஸ் பக்கம் (பேட்டருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம்), மேல் வரிசைகள். மதிய ஆட்டங்களில் பெரும்பாலும் அங்கேதான் முதலில் நிழல் விழும். ஆனால் நான் எடுப்பது அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் இருக்கும் புல்மேட்டு டிக்கெட். விலையும் குறைவு. ஒரு போர்வை, தொப்பி, சன்ஸ்கிரீன் போதும். பாலைவன வெயில் வேர்க்காமலே சுட்டுவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும் பூசிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில், பை பற்றிய விதிகள் மைதானத்துக்கு மைதானம் மாறும். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

3. வாசல் திறக்கும்போதே உள்ளே இருங்கள்

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பல மைதானங்களில் புல்பென், அதாவது பிட்சர்கள் கையைச் சூடேற்றும் இடம், புல்மேட்டை ஒட்டியே இருக்கிறது. வேலியோரம் போய் நில்லுங்கள். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து, அதைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் விழும் சத்தம் டிவியில் கேட்பது போல இருக்காது. காய்ந்த தேங்காயைக் கல்லில் ஓங்கி அடித்த மாதிரி ‘டப்’ என்று நெஞ்சில் வந்து விழும். பிட்சர் பந்தைத் திருப்பித் திருப்பி விரல்களைத் தையல் மேல் வைத்துப் பார்ப்பது, கேட்சர் “இன்னும் கீழே” என்று கையுறையைத் தாழ்த்துவது, எல்லாமே சில அடி தூரத்தில். வழக்கமான சீசனில் இவ்வளவு பக்கத்தில் நிற்பது சுலபமில்லை.

ஆட்டோகிராஃப் வேண்டுமானால் ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டைத் தாண்டி, ஆடுகளத்தின் பக்க எல்லையான ஃபவுல் கோட்டோரக் கம்பித் தடுப்புக்குப் போங்கள். பந்தில் வாங்க நீல பால்பாயின்ட் பேனா நல்லது. மார்க்கர் மை நாளடைவில் தோலில் ஊறிப் பரவிவிடும். குழந்தைகள் நின்றால் அவர்களுக்கு முன்னால் இடம் விடுங்கள்.

4. ஸ்கோர்கார்டு எழுதுங்கள்

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, பிறகு இடமிருந்து வலமாக அவுட்ஃபீல்டு 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினால் 6-3. அவ்வளவுதான், பாதி கற்றாகிவிட்டது. ஐந்தாவது இன்னிங்ஸுக்கு மேல் ஆட்கள் கூட்டமாக மாறுவார்கள். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் கீழே இடம் விட்டு எழுதுங்கள்.

5. நட்சத்திரங்கள் போனதும் எழுந்து போகாதீர்கள்

ஆறாவது இன்னிங்ஸில் பாதிக் கூட்டம் கார் பார்க்கிங்கைப் பார்த்து நடக்கும். எனக்கு ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது. 80, 90 என்று பெரிய எண் போட்ட சட்டைகள் வரும், சிலவற்றில் முதுகில் பெயர்கூட இருக்காது. மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கில் பஸ்ஸில் ஊர் ஊராகச் சுற்றும் பையன்கள். இந்த ஆட்டத்தின் ரன்கள் சீசன் கணக்கில் சேராது. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து சமமாக இருந்தால் பெரும்பாலும் அப்படியே கைகுலுக்கிப் போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பையன்களுக்குப் பயிற்சியாளர் கண்ணில் படுவதற்குக் கிடைப்பது இந்த மூன்று இன்னிங்ஸ்தான்.

ஒருமுறை எட்டாவது இன்னிங்ஸில் 94-ஆம் எண் ஷார்ட்ஸ்டாப் ஒருவர், இடப்பக்கம் ஓடிய பந்தைப் பாய்ந்து பிடித்து, முழங்காலில் இருந்தபடியே முதல் பேஸுக்கு எறிந்தார். அவுட். காலியாகிவிட்ட வரிசைகளுக்கு நடுவே ஒரு குடும்பம் மட்டும் எழுந்து நின்று கத்தியது. அவர் பெயர் என் கார்டில் இல்லை. பக்கத்தில் இருந்த பெரியவரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. கீழே இறங்கிப் போய் அந்தக் குடும்பத்திடமே கேட்டேன். அம்மா என் பேனாவை வாங்கி, மகன் பெயரை அவரே எழுதினார். பக்கத்தில் 6-3 என்று நான் போட்டேன்.