அம்மாவின் சங்கிலியை அடகு வைக்காமல் மாநாட்டுக்குப் போக

சென்னை மாநாடு ஒன்றில் என் கட்டுரை தேர்வானதாகக் கடிதம் வந்த அன்று, கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பெருமை. அடுத்த வாரமே அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. பல்கலைக்கழகம் உதவித்தொகை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் போய்வந்து ரசீது காட்டிய பிறகுதான் காசு வரும் என்பதை நான் விசாரிக்கவில்லை. சங்கிலியை மீட்க நான்கு மாதம் ஆனது. முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்கும் தம்பி தங்கைகள் வீட்டில் இது நடக்கக் கூடாது.

அதனால் பல்கலைக்கழக அலுவலகத்தில் உதவித்தொகையைக் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்: முன்பணம் உண்டா, டிக்கெட்டைத் துறையே எடுத்துத் தருமா, பயணத்துக்கு எத்தனை வாரம் முன்னால் மனு போக வேண்டும்? கட்டுரை தேர்வாகும்வரை காத்திருக்காதீர்கள். கட்டுரைச் சுருக்கத்தை மாநாட்டுக்கு அனுப்பும் அன்றே பாரத்தை வாங்கி வையுங்கள்.

அடுத்து மேற்பார்வையாளர். உங்கள் ஆய்வு அவருடைய ஆய்வு மானியத்தோடு சேர்ந்ததா என்று கேளுங்கள். நம் அரசு மானியங்களில் பயணச் செலவுக்கு ‘வோட் 21000’ என்று தனித் தலைப்பு உண்டு. ஆண்டுக் கடைசியில் போனால் அது தீர்ந்திருக்கும். நான் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மாதம் கடத்தினேன். கேட்டபோது அவர் உடனே தங்கும் செலவை ஏற்றுக்கொண்டார். மாணவர் வெளியே போய்ப் பேசினால் அவருடைய ஆய்வுக்கும் அது பயன்தான், தயங்க வேண்டாம்.

மாநாட்டு அமைப்பாளரை நம்மில் பலர் கேட்பதே இல்லை. நான் எழுதிய மின்னஞ்சல் நாலே வரி: “நான் மலேசியாவில் முழுநேர முனைவர் பட்ட மாணவி. என் கட்டுரை ஏற்கப்பட்டுள்ளது. துறையின் உதவி பயணத்துக்கே சரியாகிறது. பதிவுக் கட்டணத்தில் மாணவர்களுக்குச் சலுகையோ, தொண்டராகப் பணியாற்றும் வாய்ப்போ உண்டா?” மூன்றாம் நாள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து பதில் வந்தது.

என் கணக்கு இது: விமானம் 850 வெள்ளி (ரிங்கிட்), பதிவு 300, தங்கல் 640, சாப்பாடும் ஆட்டோவும் 250, மொத்தம் 2,040. துறை 1,000, மேற்பார்வையாளர் 640, தள்ளுபடி 300. மிச்சம் 100 வெள்ளிதான் என்று நினைத்தேன். விசாவைப் பட்டியலில் எழுத மறந்திருந்தேன். இந்தியாவுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள்: மாநாட்டுக்கென்று தனி மின்விசா இருக்கிறது. அதற்கு அழைப்புக் கடிதத்தோடு, அமைப்பாளர் இந்திய வெளியுறவு அமைச்சிடம் பெறும் அனுமதியும் தேவை. அதை அவர்களிடம் ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

வெளி உதவி துறைக்குத் துறை மாறும். இயற்பியல், கணிதம் படிப்பவர்கள் இத்தாலியின் திரியெஸ்டே நகரில் 1964-இல் தொடங்கிய அப்துஸ் சலாம் அனைத்துலகக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் பயிலரங்குகளைப் பாருங்கள். வளரும் நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குப் பயண உதவி தருகிறார்கள். கணினித் துறைப் பெண்களுக்கு, ஏசிஎம் என்ற கணினியியலாளர் சங்கத்தின் பெண்கள் பிரிவான ஏசிஎம்-டபிள்யூ தரும் மாநாட்டு உதவித்தொகை உண்டு. நம் தமிழ்த் துறைக்காரர்களுக்கு இன்னொரு வழி, மாநாடே நம் ஊருக்கு வருவது. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966-இல் கூடியது இதே கோலாலம்பூரில்தான். 1987-லும் 2015-லும் மறுபடி இங்கே வந்தது. எல்ஆர்டி ரயில் காசில் போய்வரக்கூடிய மேடையைத் தவற விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வரலாறு, வேதியியல், வணிகம் எல்லாவற்றையும் ஒரே அரங்கில் வைத்து, சுருக்கம் அனுப்பிய இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டு பணம் கேட்கும் மாநாடுகள் உண்டு. கட்டுவதற்கு முன் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள்.

திரும்பி வந்த பிறகு ரசீதுகள்தான் உங்கள் பணம். என் திரும்பும் பயணத்தின் போர்டிங் பாஸைத் தொலைத்ததால் 425 வெள்ளி நின்றுபோனது. பயணம் செய்ததற்குச் சான்றுக் கடிதம் தரும்படி விமான நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்று பிறகு ஒரு அக்கா சொன்னார். எழுதினேன், கிடைத்தது, காசும் வந்தது. வழவழப்புத் தாளில் அச்சாகும் ரசீது நாளடைவில் வெளுத்துவிடும். வாங்கிய அன்று இரவே படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.