சான் செபாஸ்தியானில் தட்டை நிரப்பாதீர்கள்

ஸ்பெயினின் வடக்குக் கரையில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சான் செபாஸ்தியானுக்குப் பாஸ்க் மொழியில் தோனோஸ்தியா என்று பெயர். சின்ன ஊர்தான், நடந்தே சுற்றிவிடலாம். பர்ஸ் பத்திரம், செருப்பு கடிக்காமல் இருக்கட்டும் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். கீழே உள்ளவை, ஊர் திரும்பிய பிறகும் தவறு என்றே பலருக்குத் தெரியாதவை. எங்களுக்கும் முதல் தடவை தெரியவில்லை.

முதல் பாரிலேயே வயிற்றை நிரப்புவது

இரவு 8 மணிக்குப் பழைய நகரில் எந்த பாரில் நின்றாலும் இதைப் பார்க்கலாம். புதிதாக வந்தவர் கவுன்ட்டரைப் பார்க்கிறார். ரொட்டித் துண்டுகளின் மேல் இறால், நண்டு, நெத்திலி, ஹாம் என்று அடுக்கடுக்காகப் பின்ச்சோக்கள். பெரிய தட்டாகக் கேட்டு வாங்கி, கல்யாண வீட்டு பஃபே மாதிரி எட்டு, ஒன்பது எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்கிறார். ஐந்தாவதிலேயே வயிறு அடைத்துவிடுகிறது. இப்போது ஒரு பின்ச்சோ சுமார் 3 முதல் 5 யூரோ. பில் 30 யூரோவைத் தொடும். ஒரே கடையில், ஆறிப்போன சாப்பாட்டோடு அன்றைய இரவு முடிந்தது.

எத்தனை பேரிடம் சொன்னாலும் இது மாறவே மாட்டேன் என்கிறது. எரிச்சலாக இருக்கிறது. காசு போனதுகூடப் பரவாயில்லை, அந்த ஊரின் சமையலையே அவர் சாப்பிடவில்லை.

கவுன்ட்டரில் இருப்பவை பெரும்பாலும் ரொட்டியின் மேல் உட்கார்ந்திருப்பவை. எட்டு பின்ச்சோ என்றால் எட்டுத் துண்டு ரொட்டி. வயிறு நிறைவது அதனால்தான். நல்ல சமையல் கவுன்ட்டரில் இருக்காது. சுவரில் ஒரு கரும்பலகை தொங்கும். சிவப்பு வைனில் மணிக்கணக்காக வேகவைத்த மாட்டுக் கன்னம், தணலில் வாட்டிய ஆக்டோபஸ், வதக்கிய காளான் எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். கேட்ட பிறகுதான் அடுப்பில் ஏறும், பத்து நிமிடத்தில் சின்னத் தட்டில் கைக்கு வரும். பழைய நகரிலேயே சில பார்களில் கவுன்ட்டரில் ஒன்றுமே இருக்காது, எல்லாம் பலகைதான். ‘காலியாக இருக்கிறதே’ என்று புதியவர்கள் திரும்பிப் போவது அங்கேதான்.

இன்னொன்று. கவுன்ட்டரில் இருக்கும் சிலவற்றைச் சூடாக்கித்தான் தருவார்கள். எடுத்ததும் கடிக்காமல் பரிமாறுபவரிடம் காட்டுங்கள். சூடாக்க வேண்டியதாக இருந்தால் அவரே வாங்கி உள்ளே அனுப்புவார். அப்படிக் காட்டாமல் சாப்பிட்ட குரோக்கெட்டா என்ற பொரித்த உருண்டையின் உள்ளே மாவு களிபோல் இறுகிக் கிடக்கும், பிறகு ஊரையே குறை சொல்வார்கள்.

ஊர்க்காரர்கள் ஒரு பாருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு சாப்பிடுவார்கள். கவுன்ட்டரில் இடம் கிடைத்ததும் பானத்தைச் சொல்லி, கூடவே பலகையில் உள்ளதைக் கேட்பார்கள். நின்றபடி சாப்பிட்டு, காசு கொடுத்து, பதினைந்து இருபது நிமிடத்தில் அடுத்த பார். பல இடங்களில் பணம் கடைசியில்தான். என்ன சாப்பிட்டீர்கள் என்று நீங்களே சொல்ல வேண்டும், நம்பிக்கைதான் கணக்கு. எந்த பாருக்கு எது கைவந்தது என்று தெரியவில்லையா? பக்கத்தில் நிற்பவர்கள் தட்டில் திரும்பத் திரும்ப என்ன வருகிறது என்று பாருங்கள். நான்கைந்து பார் போனால் அதே 30 யூரோவில் நான்கைந்து அடுப்புகளின் ருசி தெரிந்துவிடும்.

நுழைந்ததும் கையில் பெரிய தட்டைத் திணிக்கும் பார்களும் உண்டு. அங்கிருந்து வெளியே வந்துவிடுவது நல்லது.

ஹில்தாவைப் பிரித்துச் சாப்பிடுவது

ஹில்தா என்பது இதுதான்: பல்குச்சியில் ஒரு ஆலிவ், உப்பில் பதப்படுத்திய ஒரு நெத்திலி, வினிகரில் ஊறிய இபார்ரா ஊர்ப் பச்சை மிளகாய் இரண்டு மூன்று. 1946இல் வந்த ‘கில்டா’ படத்தின் நாயகி பெயரை இதற்கு வைத்தார்கள். ‘காசா வாயேஸ்’ பாரில் பிறந்தது என்பார்கள். மிளகாயை ஒதுக்கிவிட்டு நெத்திலியை மட்டும் உருவிச் சாப்பிட்டால் வெறும் உப்பு. குச்சியிலிருந்து மொத்தத்தையும் ஒரே வாயில் இழுக்க வேண்டும். ஆலிவின் எண்ணெயும் மிளகாயின் புளிப்பும் சேர்ந்துதான் உப்பை அடக்கும். காரம்? நம் நாக்குக்கு ஒன்றுமே இல்லை.

மாலை 5 மணிக்குப் பசியோடு போவது

சமையலறை மூடியிருக்கும். மதியம் சுமார் 1 முதல் 3.30 வரை, இரவு 7.30க்கு மேல். நடுவில் போனால் மதியம் மிஞ்சியதுதான் கிடைக்கும். ஞாயிறு இரவும் திங்களும் பல பார்களுக்கு விடுமுறை. சான் தெல்மோ அருங்காட்சியகமும் திங்களன்று திறக்காது.

கிளாஸை நிரப்பச் சொல்வது

சாக்கோலி லேசாக நுரைக்கும் வெள்ளை வைன். உயரத்திலிருந்து கொஞ்சமாக ஊற்றுவார்கள், நுரை அடங்கும் முன் குடிக்க வேண்டும். பீர் என்றால் சுரித்தோ என்று கேளுங்கள், சின்ன கிளாஸில் வரும். ஐந்து பார் போகிறவருக்குப் பெரிய கிளாஸ் எதற்கு?

தெருவைப் பார்க்காமல் பாரை மட்டும் பார்ப்பது

பழைய நகரில் ‘ஆகஸ்ட் 31’ என்றே ஒரு தெரு. 1813இல் அந்தத் தேதியில்தான் ஆங்கிலேய, போர்த்துக்கேயப் படைகள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நகரைப் பிடித்தன. கொள்ளையில் ஊரே எரிந்தது. ஏறக்குறைய இந்த ஒரு தெருதான் மிஞ்சியது. ஒரு பக்கம் சான் விசென்தே தேவாலயம், மறுபக்கம் சாந்தா மரியா. சாந்தா மரியாவின் படியில் நின்று நேர் எதிரே போகும் தெருவைப் பாருங்கள், அதன் நீளத்துக்கும் அப்பால் புவென் பாஸ்தோர் கதீட்ரலின் கோபுரம் ஒரே கோட்டில் தெரியும். பக்கத்துச் சதுக்கத்தில் பால்கனிகளுக்கு மேல் எண்கள் எழுதியிருக்கும். வீட்டு எண் இல்லை. அங்கே காளைச்சண்டை நடந்த காலத்தில் பால்கனிகளை வாடகைக்கு விட்டார்கள், அந்த எண்.

கடல் அடங்கிய நேரத்தில் ‘காற்றின் சீப்பு’

லா கோன்ச்சா கடற்கரையை ஒட்டியே நடந்தால் முக்கால் மணி நேரத்தில் மேற்கு முனை வரும். பாறைகளில் பொருத்திய, சிற்பி எதுவார்தோ சில்லிதாவின் மூன்று எஃகுச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றின் பெயர்தான் ‘காற்றின் சீப்பு’. முன்னால் உள்ள கல் தளத்தில் துளைகள். அடியில் அலை மோதும்போது காற்றும் நீரும் அதன் வழியாகச் சீறும். கடல் ஓதம் ஏறி, அலையும் பெரிதாக இருந்தால்தான் இது நடக்கும். வற்றிய நேரத்தில் போனால் தரையில் வெறும் ஓட்டை. ஓத நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். மணலிலேயே நடந்து போக நினைப்பவர்களுக்குக் கணக்கு நேர்மாறு: லா கோன்ச்சாவுக்கும் அடுத்த கடற்கரையான ஒந்தார்ரெதாவுக்கும் நடுவில் ஒரு பாறை முனை இருக்கிறது, ஓதம் ஏறினால் அங்கே வழி அடைபடும். மேலே ஏறி நடைபாதையில் போக வேண்டும்.

சைவம் என்று நம்பிவிடுவது

‘வெஹெதால்’ என்று எழுதிய ரொட்டியில் சூரை மீனும் முட்டையும் இருக்கலாம். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் ஹாமை நீக்கிவிட்டு மீனை வைத்துத் தருவார்கள். இறைச்சி, ஹாம், மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுத்தால்தான் புரியும். இந்தப் பக்கத்து இதியாசாபால் சீஸை உறைய வைப்பது பெரும்பாலும் ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள் என்பதையும் சுத்த சைவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். வறுத்த பச்சை மிளகாயும் காளானும் கைகொடுக்கும், காளான் மேல் வேகாத முட்டை மஞ்சள் கரு ஊற்றாமல் இருந்தால்.

ஆற்றைத் தாண்டாமல் திரும்புவது

உருமேயா ஆற்றின் அக்கரையில் குரோஸ் என்ற பகுதி. வியாழன் மாலை அங்கே பல பார்களில் ஒரு பானமும் ஒரு பின்ச்சோவும் சேர்த்துக் குறைந்த விலை.

திறந்த கதவெல்லாம் பார் என்று நினைப்பது

உள்ளே நீண்ட மேசை, ஏப்ரன் கட்டிய ஆண்கள் சமைத்துக்கொண்டிருந்தால் அது உறுப்பினர்களுக்கு மட்டுமான சமையல் சங்கம். வெளியே வந்துவிடுங்கள்.

குடை

வேண்டாம். அந்தச் சாரல் பக்கவாட்டில் அடிக்கும், பாருக்குள் குடை வைக்க இடமும் கிடையாது.