மொரீசியஸ் வருகிறீர்களா? டீ ஃபேக்டரியையும் படகையும் ஒரே நாளில் போடாதீர்கள்

பாரிஸோ லண்டனோ மெல்போர்னோ, எங்கிருந்து வந்தாலும், மொரீசியஸைப் பூர்வீகமாகக் கொண்ட நம்மவர்கள் விடுமுறை ஒரே மாதிரிதான் போகிறது. ரோஸ் ஹில்லில் பெரியம்மா வீடு, காத்ர் போர்னில் சித்தப்பா வீடு, நடுவில் ஒரு கல்யாணம். ஊர் சுற்ற மிஞ்சுவது இரண்டு நாள். அதைத் தெற்குக்கும் கிழக்குக்கும் கொடுங்கள். வடக்குக் கடற்கரைக்கு எப்படியும் யாராவது கூட்டிப்போய்விடுவார்கள்.

தீவே 65 கிலோமீட்டர் நீளம்தானே என்று வரைபடத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். மோட்டார்வேயை விட்டு இறங்கியதும் கரும்புக் காட்டுக்கு நடுவே குறுகலான சாலைதான். முன்னால் ஒரு பஸ் மாட்டினால் அதன் பின்னாலேயே போக வேண்டியதுதான். ஜூன் முதல் நவம்பர் வரை கரும்பு லாரிகளும் சேர்ந்துகொள்ளும். இங்கே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் ரவுண்டானாவில் கவனமாக இருங்கள்.

முதல் நாள் காலை புவா ஷேரி. 1892இல் தொடங்கிய தேயிலைத் தோட்டம். வார நாளில் காலையிலேயே போய்விட்டால் இயந்திரங்கள் ஓடுவதைப் பார்க்கலாம். தாமதித்தால் நின்றுபோன இயந்திரங்களை வேடிக்கை பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். எந்த நாளில் ஆலை ஓடும் என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள். உள்ளே இலையை வாட்டி, நசுக்கி, காற்றுபட வைக்கும் இடத்தில் சற்று நில்லுங்கள். பச்சையாக இருந்த இலை செம்பு நிறமாகி அப்புறம் பழுப்பாவது கண்ணெதிரே தெரியும். பச்சைப் புல் வாசனை மெல்ல டீ வாசனையாக மாறும். பிள்ளைகளுக்கு அங்கேதான் ஆர்வம் பிறக்கும். அருங்காட்சியகத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். கடைசியில் ஏரிக்கு மேலே இருக்கும் பங்களாவில் பல வகை டீயைச் சுவைக்கத் தருவார்கள். வனிலா டீயை நம் வீடுகளில் தினம் குடிக்கிறோம் என்பதால் மற்ற வகைகளைக் குடித்துப் பாருங்கள்.

அங்கிருந்து கங்கா தலாவ் என்ற புனித ஏரி பக்கம்தான். 33 மீட்டர் உயர சிவன் சிலையைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மேட்டுப் பகுதி என்பதால் திடீரென்று மூடுபனி இறங்கும், சாரலும் அடிக்கும். கடற்கரை உடையோடு போனால் நடுங்குவீர்கள். ராத்திரி ரோஸ் ஹில்லுக்குத் திரும்பாமல் தென்கிழக்குக் கரையில் இருக்கும் மாய்பூரில் தங்கிவிடுங்கள். பெரியம்மா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மறுநாள் காலை உங்கள் கையில் இருக்கும்.

மாய்பூரிலிருந்து கடலோரமாகவே வடக்கே போகும் சாலைதான் தீவிலேயே நல்லது என்பேன். 1598இல் டச்சுக்காரர்கள் கரையிறங்கிய வியூ கிரான் போர் அந்த வழியில்தான் இருக்கிறது. அப்படியே த்ரூ தோ தூஸ் போய்ச் சேருங்கள். ஈல் ஓ செர் தீவுக்கு அங்கிருந்துதான் படகு. ஊருக்குள் நுழைந்ததுமே வண்டியை மறித்து 'படகு வேண்டுமா' என்பார்கள். துறைக்கே போய் விலை பேசுங்கள். திரும்பும் படகு எத்தனை மணிக்கு, எந்த இடத்திலிருந்து என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். கடல் பயணம் கால் மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், உள்ளூர்க் குடும்பங்கள் அடுப்பும் பாத்திரமுமாக வந்துவிடும். மற்ற நாளிலும் பத்து மணிக்குள் போய்விட்டால் மணல் உங்களுடையது. ஜூலை, ஆகஸ்ட்டில் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும். வயிறு புரட்டுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பவளப்பாறையும் கடல் முள்ளெலியும் இருப்பதால் ரப்பர் செருப்பு அவசியம்.

கிரான் ரிவியேர் அருவியும் மதிய உணவும் சேர்த்து நாள் முழுக்க ஒரு படகுப் பயணம் விற்பார்கள். சாப்பாடு என்றால் சுட்ட மீனும் கோழியும்தான். தைப்பூசக் காவடிக்கு வந்து பத்து நாள் விரதத்தில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பருப்பு வைத்த தால் பூரி கட்டிக்கொண்டு போங்கள். காவடி வரும் அந்தச் சமயம் புயல் காலமும்கூட. மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் பஸ் ஓடாது, கடை திறக்காது; படகுக்கு முன்பணம் கட்டியிருந்தாலும் வீட்டிலேயே இருங்கள்.

மாய்பூரை ஒட்டிய வில் நுவாரில், 1870இலிருந்து மரவள்ளிக்கிழங்கு மாவில் பிஸ்கட் சுடும் ரோ குடும்பத்தின் சின்ன ஆலை ஒன்று இருக்கிறது. எல்லாம் கைவேலை. அதை விமானம் ஏறும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் பக்கத்தில்தான், பிஸ்கட் வாங்கினாலும் பெட்டி கனக்காது.